மொத்தக் காண்டிராக்டா, தனித்தனி ஏற்பாடா?

கல்யாண சீசன் வந்துவிட்டால் நம் வீடுகளில் இரண்டு கட்சிகள் உண்டாகிவிடுவது வழக்கம். "எல்லாவற்றையும் ஒரே காண்டிராக்டரிடம் விட்டுவிடுங்கள். பந்தலிலிருந்து தாம்பூலப் பை வரையில் அவர் பார்த்துக்கொள்வார். நாம் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு போய் நின்றால் போதும்" என்பது ஒரு கட்சி. "அதெப்படி? சமையலுக்குத் தெரிந்த கைதான் வேண்டும், நாதஸ்வரம் இன்னாருடையதுதான், பூவுக்கு நம் தெருக்கோடிப் பூக்காரிதான்" என்பது எதிர்க்கட்சி. முகூர்த்தம் முடிந்து கட்டுச்சாதக் கூடை கட்டுகிற வரையில் இந்த வாதம் ஓயாது.

இதே வாதம் கம்ப்யூட்டர் உலகத்திலும் இருபது வருஷத்துக்கு மேலாக நடந்து வருகிறது. இணையதளம் ஒன்றைக் கட்டுவதற்கு வேண்டிய சகல சாமான்களையும் ஒரே மூட்டையாகத் தருகிற முழு 'பிரேம்வொர்க்'தான் நல்லது என்பார்கள் ஒரு சாரார். அதெல்லாம் வேண்டாம், வேண்டியதை மட்டும் தனித்தனிக் கருவிகளாகப் பொறுக்கிச் சேர்த்துக்கொள்வதே புத்திசாலித்தனம் என்பார்கள் மற்றொரு சாரார். பிள்ளை ஒரு கட்சி, மருமகள் ஒரு கட்சி என்று ரசம் ஆறிப்போகிற வரையில் வாதாடும் வீடுகளும் உண்டு.

"நமக்கென்ன அதைப் பற்றி?" என்று பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். இன்றைக்கு ஊறுகாய், பொடி வகைகள், ரவிக்கைத் தையல், பாட்டு வகுப்பு என்று வீட்டிலிருந்தே தொழில் செய்கிற பெண்கள் எத்தனையோ பேர். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை எடுத்து இணையதளம் போடத் துணிகிறார்கள். போட்டுக் கொடுக்கிறவர் எந்தக் கட்சி என்பதைப் பொறுத்து அந்தப் பணம் நிலைக்கிறதும் கரைகிறதும் இருக்கிறது. ஆகவே விஷயத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

உள்ளே நடக்கும் வேலைகள்

வடாமும் மாவடுவும் விற்க ஒரு அம்மாள் இணையதளம் வைக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் நாலு படம், விலைப் பட்டியல், அவ்வளவுதான். உள்ளேயோ ஏழெட்டு வேலைகள் நடக்க வேண்டும். எந்த விலாசத்தைத் தட்டினால் எந்தப் பக்கம் திறக்கிறது என்று வழி காட்ட வேண்டும். பக்கத்தை அழகாக அமைத்துக் காட்ட வேண்டும். வாடிக்கைக்காரர் பெயர், விலாசம், ஆர்டர் எல்லாவற்றையும் பதிந்து வைக்கும் பேரேடு வேண்டும். அதற்குத்தான் டேட்டாபேஸ் என்று பெயர். வருகிறவர் இன்னார்தான் என்று பாஸ்வேர்ட் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 'இன்று மாவடு தீர்ந்துவிட்டது' என்று அந்த அம்மாளே மாற்றி எழுத ஒரு தனி அறை வேண்டும். பணம் வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகத் திருடனுக்குக் கதவு அடைக்க வேண்டும்.

இந்தத் திருடர்களின் வேலைகள் வெகு நூதனமானவை. பெயர் எழுதுகிற கட்டத்தில் பெயருக்குப் பதிலாகப் பேரேட்டுக்கே உத்தரவு எழுதிவிடுவான் ஒருவன். வாசகர் கருத்துப் போல வேஷம் போட்டு, அந்தப் பக்கத்தைப் படிப்பவர்களின் கம்ப்யூட்டரில் வேலை செய்யும் கட்டளையை ஒளித்து வைப்பான் இன்னொருவன். நீங்கள் உள்ளே நுழைந்திருக்கும் சமயம் பார்த்து, வேறொரு பக்கத்திலிருந்து உங்கள் பெயரில் உத்தரவு அனுப்புவான் மூன்றாமவன்.

ஒரு பத்திரிகை ஆபீஸில் பிறந்தது

மொத்தக் காண்டிராக்டுக்கு நல்ல உதாரணம் 'ஜாங்கோ'. இது பிறந்த இடம் ஒரு பத்திரிகை ஆபீஸ் என்பதில் எங்களைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட. அமெரிக்காவில் கான்ஸாஸ் மாகாணத்தில் லாரென்ஸ் என்று ஒரு ஊர். அங்கே 'லாரென்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்' என்ற தினசரி. 2003-ல் அங்கு வேலை பார்த்த ஏட்ரியன் ஹோலோவாட்டி, ஸைமன் வில்லிஸன் என்ற இரண்டு இளைஞர்களுக்குப் பத்திரிகைக்காரர்களின் அவசரம் நன்றாகத் தெரியும். 'நாளைக்கே வேண்டும், முடிந்தால் சாயங்காலத்துக்குள் வேண்டும்' என்பதுதானே அந்த அவசரம்! ஒவ்வொரு தடவையும் அடியிலிருந்து கட்டிக்கொண்டிருந்தால் கட்டாது என்று, திரும்பத் திரும்பச் செய்கிற காரியங்களை ஒரு தொகுதியாக எழுதி வைத்தார்கள். 2005 ஜூலையில் அதை உலகத்துக்கு இலவசமாகவே வெளியிட்டார்கள். ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் என்ற கிடார் வித்துவானின் பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

மேலே சொன்ன வேலைகளில் பணம் வாங்குவதைத் தவிர அநேகமாக எல்லாமே இதில் முன்கூட்டியே தயாராக இருக்கின்றன. மாவடு தீர்ந்ததை எழுதுகிற தனி அறைகூட உண்டு. உதவி ஆசிரியர்கள் தாங்களே செய்தியைப் பதிவதற்காக உண்டான வசதி அது. மூன்று வகைத் திருடர்களுக்கும் தாழ்ப்பாள் உண்டு. பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைப்பதில்லை. மாவாக அரைத்துத்தான் வைக்கும். மாவைத் திருடியவன் அதிலிருந்து மறுபடி அரிசியை எடுக்க முடியாதல்லவா?

இதற்கு ஒரு வருஷம் முன்பு, 2004-ல், டேவிட் ஹைன்மயர் ஹான்ஸன் என்ற டென்மார்க்காரர் வெளியிட்டது 'ரெயில்ஸ்'. எந்தச் சாமானை எந்த அலமாரியில் வைப்பது, எதற்கு என்ன பெயர் வைப்பது என்பதையெல்லாம் ரெயில்ஸே தீர்மானித்துவிடும். அந்த வழக்கத்தை அனுசரித்துப் போகிறவர்களுக்கு வேலை மளமளவென்று நடக்கும். கிட்ஹப், ஷாப்பிஃபை என்ற பெரிய ஸ்தாபனங்கள் ரெயில்ஸில் எழும்பியவை. படம் போடுகிற இன்ஸ்டாகிராம் 2010-ல் ஜாங்கோவில் ஆரம்பமாயிற்று. 2012-ல் பேஸ்புக் அதை 100 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது அங்கே வேலை பார்த்தவர்கள் மொத்தம் 13 பேர். மூட்டை தயாராக இருந்தால் கொஞ்சம் கைகளே எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

வேடிக்கையாகத் தொடங்கிய எதிர்க்கட்சி

எதிர்க்கட்சியின் நட்சத்திரம் 'ஃப்ளாஸ்க்'. ஆஸ்திரியா தேசத்து ஆர்மின் ரோனாக்கர் 2010-ல் ஏப்ரல் முட்டாள்கள் தினத்துக்காகச் செய்த ஒரு வேடிக்கையிலிருந்து பிறந்தது. கேலிக்குச் செய்ததை ஜனங்கள் நிஜமாகவே விரும்பிவிட்டார்கள்! வழி காட்டுவதும் பக்கத்தை அமைப்பதும் மட்டும்தான் அதன் பொறுப்பு. பேரேடு, பாஸ்வேர்ட், தனி அறை இவற்றையெல்லாம் வேண்டுமானால் நீங்களே வெளியிலிருந்து தருவித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டியது. ஜாவாஸ்கிரிப்ட் பாஷைக்காரர்களிடம் 'எக்ஸ்பிரஸ்' என்று இதே மாதிரியான ஒன்று உண்டு.

இதில் சௌகரியம் இல்லாமல் இல்லை. வேண்டாத மூட்டையைச் சுமக்க வேண்டாம். எந்தச் சாமான் பிடிக்கவில்லையோ அதை மட்டும் மாற்றிவிடலாம். வேலை விசேஷமானதாக இருந்தால், மொத்தக் காண்டிராக்டரோடு ஒவ்வொரு விஷயத்திலும் மல்லுக்கட்டுவதைவிடத் தனி ஏற்பாடே மேல். ட்விட்டர் 2006-ல் ரெயில்ஸில்தான் ஆரம்பித்தது. கூட்டம் தாங்காமல் அடிக்கடி மயக்கம் போட்டு விழுந்தது. 2011-ல் தேடும் பகுதியை ஜாவா ஏற்பாட்டுக்கு மாற்றினார்கள். பிறகு மற்றப் பகுதிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அவ்வளவு கூட்டம் சேர்ந்த பிறகுதான் அவர்களுக்கு அந்தக் கஷ்டமே வந்தது. நம் வடாம் கடைக்கு அந்தக் கஷ்டம் வந்தால் அதைவிடச் சந்தோஷ சமாசாரம் வேறு கிடையாது.

வெற்றிலைக்காரன் கோபித்துக்கொண்டால்

தனி ஏற்பாட்டில் ஒரு சங்கடம் உண்டு. நீங்கள் பத்துப் பேரை அமர்த்துகிறீர்கள். அந்தப் பத்துப் பேரும் தலைக்குப் பத்துப் பேரை அமர்த்துகிறார்கள். கடைசியில் கல்யாணம் யாரை நம்பி நிற்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

2016 மார்ச் 22-ம் தேதி இது உலகத்துக்கே விளங்கிற்று. 'லெஃப்ட்-பேட்' என்று ஒரு சின்னச் சாமான். ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் வேண்டிய அளவு இடம் சேர்த்து நீளத்தைச் சரி செய்வதுதான் அதன் வேலை. மொத்தமே 11 வரி. அதை எழுதியவருக்கு வேறொரு சாமானின் பெயர் விஷயமாகத் தகராறு வந்தது. சாமான்களை வைத்து விநியோகிக்கிற பண்டகசாலை தம் பக்கம் நிற்கவில்லை என்ற கோபத்தில், தாம் எழுதிய இருநூற்றுச் சொச்சம் சாமான்களையும் அவர் ஒரேயடியாகத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டார். அவ்வளவுதான்! உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான இடங்களில் வேலை நின்றது. பெரிய பெரிய கருவிகளெல்லாம் அந்த 11 வரியை நம்பியிருந்தன. சில மணி நேரத்துக்குள் பண்டகசாலைக்காரர்கள் அதைத் திரும்ப வைத்து நிலைமையைச் சமாளித்தார்கள். வெற்றிலை வாங்கப் போனவன் கோபித்துக்கொண்டு போனதற்குத் தாலி கட்டுவதே நின்றுபோன கதைதான் இது.

2018-ல் நடந்தது இதைவிட மோசம். 'ஈவெண்ட்-ஸ்ட்ரீம்' என்ற சாமானை எழுதியவர் அதைப் பராமரிக்க நேரமில்லாமல் இருந்தார். யாரோ ஒரு புதியவர் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று முன்வந்தார். இவரும் நம்பிச் சாவியைக் கொடுத்துவிட்டார். வந்தவரோ பிட்காயின் பணப்பையைத் திருடுகிற ஒரு துண்டை உள்ளே செருகிவிட்டார்.

காண்டிராக்டரும் தெய்வமல்ல

இதைக் கேட்டதும் மொத்தக் கட்சிக்காரர்கள் "பார்த்தீர்களா?" என்று தலை நிமிர்வார்கள். அவசரப்பட வேண்டாம். அவர்கள் வீட்டுச் சமாசாரமும் இருக்கிறது.

'ஆங்குலர்ஜேஎஸ்' என்ற பிரேம்வொர்க்கை கூகிள் கம்பெனியே 2010-ல் வெளியிட்டது. ஏராளமான பேர் அதில் வீடு கட்டினார்கள். 2016-ல் அதன் அடுத்த பதிப்பு வந்தது. பெயரில்தான் உறவு; உள்ளே முற்றிலும் வேறு. பழைய வீட்டைக் கொஞ்சம் மராமத்துப் பண்ணிப் புதியதாக்க முடியாது; பெரும்பகுதியை இடித்துத்தான் கட்ட வேண்டும். பழையதற்கு 2021 கடைசியோடு ஆதரவும் நின்றது. மொத்தக் காண்டிராக்டர் தொழிலை மாற்றிக்கொண்டால் மொத்தமாகத்தான் திண்டாட வேண்டும்.

அமெரிக்காவில் ஜனங்களின் கடன் கணக்கை வைத்திருக்கும் ஈக்விஃபாக்ஸ் கம்பெனியில் நடந்தது இன்னொரு பாடம். அவர்கள் உபயோகித்த 'அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்' என்ற பிரேம்வொர்க்கில் ஓர் ஓட்டை இருப்பது தெரிந்து, அதை அடைக்கும் திருத்தம் 2017 மார்ச்சிலேயே வெளிவந்துவிட்டது. இலவசம்தான். ஆனால் கம்பெனியில் அது போட வேண்டிய இடத்தில் போடப்படவில்லை. மே மாதத்திலிருந்து ஜூலை வரையில் திருடர்கள் அந்த வழியாகவே போய் வந்தார்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் சொந்த விவரங்கள் பறிபோயின. தாழ்ப்பாள் நல்ல தாழ்ப்பாள்தான், போடுகிறவர் வேண்டுமே!

பெருங்காய டப்பா எங்கே?

அப்படியானால் எந்தக் கட்சிதான் சரி? என் அபிப்பிராயத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள்.

மாமியார் நாற்பது வருஷமாக ஆண்ட சமையலறைக்குள் புது மருமகள் முதல் தடவை நுழைவதை நினைத்துப் பாருங்கள். அஞ்சறைப் பெட்டி இருக்கும் வீடானால் அவளுக்குக் கவலையில்லை. மூடியைத் திறந்தால் கடுகு, மிளகு, சீரகம் எல்லாம் கண்ணெதிரே. தாளிதத்துக்குத் தேவையானவை ஓரிடத்தில் இருக்கும் என்பது அவள் பிறந்த வீட்டிலும் வழக்கம்தான். வேறு சில வீடுகளில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு டப்பாவில். காப்பிப் பொடி டப்பாவில் பெருங்காயம். ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம் பருப்பு. பிஸ்கட் டின்னில் சில்லறைக் காசு. மாமியாருக்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கத் தெரியும். அவர் நாலு நாள் ஊருக்குப் போனாலோ அடுப்பே பற்றாது.

பிரேம்வொர்க்கின் பெரிய உபகாரம் அது தருகிற சாமான்களில் இல்லை. எது எங்கே இருக்கும் என்பதை எல்லாரும் அறிய எழுதி வைத்திருக்கிறார்களே, அதுதான் உபகாரம். ஜாங்கோ தெரிந்த ஒருவர் போனால் ஜாங்கோ தெரிந்த இன்னொருவர் வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தனித்தனியாகச் சேர்த்த ஏற்பாட்டில் இந்த விவரங்களெல்லாம் கட்டியவரின் மண்டைக்குள் மட்டும் இருந்துவிடக்கூடும். அவர் வேறு ஊரில் பெரிய வேலை கிடைத்துப் போய்விட்டால், போனையும் எடுக்காவிட்டால், அந்த அம்மாளின் கடை பூட்டின கடைதான். சாவி தொலைந்தது மட்டுமல்ல, பூட்டே எங்கே இருக்கிறது என்று தெரியாது. மறுபடி முதலிலிருந்து பணம் போட வேண்டும். வாடிக்கைக்காரர் பட்டியல் கிடைக்கிறதோ இல்லையோ. சேமிப்புக் கரைவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

தனித்தனியாக வாங்கியதில் தோஷமில்லை. டப்பாவின் மேல் பெயர் எழுதி ஒட்டாததுதான் தோஷம். எதை எதற்காகத் தேர்ந்தெடுத்தோம் என்று நாலு பக்கம் எழுதி வைத்திருக்கிறவரின் தனி ஏற்பாடு, ஒன்றும் எழுதாதவரின் பிரேம்வொர்க்கைவிட மேலானது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. வருஷக் கணக்கில் தனிச் சாமான்களைச் சேர்த்துக்கொண்டே போகிறவர்கள் கடைசியில் தங்களுக்கென்று ஒரு பிரேம்வொர்க்கையே கட்டி முடித்திருப்பார்கள். உலகத்தில் அதைப் பற்றிப் புத்தகம் இராது. தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருப்பார்!

எப்போது எது?

வாடிக்கைக்காரர், ஆர்டர், கணக்கு, தனி அறை என்று எல்லாரும் செய்கிற காரியமானால் முழு பிரேம்வொர்க்கே சிலாக்கியம். ஆயிரம் பேர் ஏற்கெனவே யோசித்து முடித்ததை உங்கள் செலவில் ஒருவர் மறுபடி யோசிக்க வேண்டாம். ஒரே ஒரு சின்னக் காரியம், உதாரணமாகப் பாட்டு வகுப்பு மாணவிகளுக்கு வாரா வாரம் தகவல் அனுப்புவது மட்டும் என்றால், ஃப்ளாஸ்க் மாதிரி லேசானதே போதும். கூழுக்குக் கல்யாணச் சமையல்காரர் எதற்கு? வேலையே அபூர்வமானது, கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஆட்களும் உண்டு என்றால் தனித்தனிக் கருவிகள் நன்றாகவே உழைக்கும். சின்னக் கடை ஒன்றுதான் என்றால் எதையும் கட்டாமல், மாத வாடகைக்குத் தயாராகக் கிடைக்கிற கடைப் பக்கத்தில் ஆரம்பிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எந்த வழியானாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஐந்து கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்:

1. என் கடையில் மற்றக் கடைகளில் இல்லாத விசேஷம் என்ன கண்டீர்கள்? ஒன்றுமில்லையென்றால் விசேஷ ஏற்பாடு எதற்கு?

2. நாளைக்கு நீங்கள் இல்லையென்றால் வேறொருவர் எத்தனை நாளில் புரிந்துகொள்வார்? அவருக்காக என்ன எழுதி வைக்கப் போகிறீர்கள்?

3. வெளியிலிருந்து என்னென்ன சாமான்கள் சேர்க்கிறீர்கள்? ஒவ்வொன்றையும் இப்போது யார் பராமரிக்கிறார்கள்?

4. திருத்தங்கள் வரும்போது போடுவது யார் பொறுப்பு? அதற்கு மாதச் செலவு என்ன? (ஜாங்கோவில் சில பதிப்புகளுக்குச் சுமார் மூன்று வருஷம் பாதுகாப்புத் திருத்தம் உண்டு. 2025 ஏப்ரலில் வந்த 5.2 பதிப்புக்கு 2028 ஏப்ரல் வரை என்று அறிவித்திருக்கிறார்கள். இப்படித் தேதி சொல்லத் தெரிந்தவரை நம்பலாம். காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.)

5. இணையதளத்தின் பெயரும் ஸர்வர் கணக்கும் யார் பெயரில் பதிவாகும்? என் பெயரில்தானே? பேரேட்டின் நகல் எனக்கு வாரம் ஒரு தடவையாவது வருமா?

பணம் வாங்குகிற வேலையை மட்டும் எந்தக் கட்சிக்காரரும் சொந்தமாகச் செய்ய வேண்டாம். அங்கீகாரம் பெற்ற ஸ்தாபனத்தின் வழியாகவே நடக்கட்டும். வாடிக்கைக்காரரின் கார்டு நம்பரைக் கடைக்காரர்கள் தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் உத்தரவு 2022 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. "வைத்துக்கொண்டால் சௌகரியம்" என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கேள்விகளைக் கேட்டதும் சிலர் புன்னகை செய்து, "அதெல்லாம் டெக்னிகல் விஷயம் மாமி, உங்களுக்குப் புரியாது" என்று ஆரம்பிப்பார்கள். அப்போது நீங்கள் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. காப்பியைக் கொடுத்து மரியாதையாக வழியனுப்பிவிடுங்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்லத் தெரியாதவர், அடுத்து வரப் போகிறவருக்குப் புரியும்படி எழுதியா வைக்கப் போகிறார்?